அம்மா காத்திருந்த மூன்று வாரங்கள்

பெரியவளே, சின்னவனே,

அம்மாவின் முதல் வருட நினைவுக்காக அச்சிடும் இந்தப் புத்தகத்தை உங்கள் பெரியப்பா, மாமா, அக்கம்பக்கத்தார், என்னோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் என்று நிறையப் பேர் வாங்கிப் படிப்பார்கள். ஆனாலும் நான் உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். அதிலும், பெரியவளே, உனக்காக. இப்போது முழுதும் புரியாவிட்டால் எடுத்து வைத்துக்கொண்டு வளர்ந்த பிறகு மறுபடி படி.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் பாதியில் விட்டுவிட்டோமே என்று இருக்கிறது. வீட்டில் உங்கள் அம்மாவை வா, போ என்றே பேசியவன். இங்கே அவர் என்றே எழுதுகிறேன். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், பெரியவளே, உன்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "உங்கம்மாவுக்கு எல்லாத்துலயும் அவசரம் கண்ணு. அப்பா லெட்டருக்குக் காத்திருந்து செஞ்சிருந்தா உன் காது போயிருக்காது" என்றார். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நீ வந்து, "அம்மா அவசரப்பட்டதாலதான் எனக்கு இந்தக் காது கேக்கலையாப்பா?" என்று கேட்டாய். "போய்ப் படி" என்று சொல்லிவிட்டேன். வருடம் ஒன்று ஆகிறது. நீ திரும்பக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா பிறந்தது மருங்காபுரிப் பக்கம். மழை பெய்தால் கம்பும் கடலையும், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை என்கிற பூமி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். பதினெட்டு வயதில் என்னைக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான் என்று தெரிந்துதான் கட்டிக்கொடுத்தார்கள். ஆனால் பட்டாளம் என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது. வருடத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவான், ட்ரங்குப் பெட்டி கொண்டு வருவான், அவ்வளவுதான்.

கல்யாணமான அடுத்த வருடம் வடக்கே குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மூன்று நாள் ரயில். முதல் மாதம் முழுக்க அம்மா கதவைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து பேசினால் சிரித்துக்கொண்டே நின்றிருப்பார். இரண்டாம் மாதம் ஒரு நாள் நான் டியூட்டி முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. தேடிக்கொண்டு ஓடினேன். கூடை நிறைய டர்னிப் கிழங்கோடு எதிரே வந்தார். முள்ளங்கி என்று நினைத்து வாங்கியிருக்கிறார். "விரலால காட்டினேன், கொடுத்துட்டான். இனிமே நீங்க மார்க்கெட் போக வேணாம்" என்றார். அந்த வாரம் முழுக்கக் கசப்புச் சாம்பார். அதன் பிறகு அவர் கால் வீட்டில் தங்கவில்லை. ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாக இந்தி பேசினார்.

நீ பிறந்தாய், உன் தம்பி பிறந்தான். எனக்கு மலைப் பக்கம் மாற்றல் வந்தது. அங்கே குடும்பத்தைக் கொண்டுபோகக் கூடாது. பொன்மலையில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த உங்கள் பெரியப்பா, "எங்க குவார்ட்டர்ஸ்லயே இருக்கட்டும்" என்றார். அம்மா நாலு மாதம் இருந்தார். பெரியம்மா தங்கமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அம்மா எனக்கு எழுதினார்: "இங்கே எல்லாம் சௌகரியம். ஆனால் என் குழந்தைக்கு ஒரு வாய் பால் கொடுக்க ஒருத்தரைக் கேட்க வேண்டியிருக்கிறது. தனியாக இருந்து பார்க்கிறேன்." பிறந்த வீட்டுக்குப் போகலாமே என்றேன். புருஷனை விட்டு வந்துவிட்டாள் என்று ஊர் பேசும் என்றார்.

ஸ்ரீரங்கத்தில், வடக்கு வாசல் தாண்டிக் கொள்ளிடம் போகும் வழியில், ஒரு வீட்டின் பின்கட்டில் ஒரு அறை கிடைத்தது. வீட்டுக்காரம்மா பூக்கட்டி விற்பவர். வாய் கொஞ்சம் அதிகம், மனசு அதைவிட அதிகம். அம்மா நாள் முழுக்க நடப்பார். தபால்காரர் வருகிறாரா என்று தெருமுனைக்கு, வந்த பிறகு எனக்குப் பதில் போடத் தபாலாபீஸுக்கு. "ஏ பட்டாளத்தம்மா, தரையில நெருப்பா கொட்டியிருக்கு? செத்த உக்காரேன்" என்று வீட்டுக்காரம்மா சத்தம் போடுவாராம். "உக்காந்தா பயமா இருக்குக்கா" என்பாராம் அம்மா.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். இப்போதே இரண்டு தடவை எழுந்துவிட்டேன்.

சீனாக்காரனோடு சண்டை வந்த வருடம் அது. சண்டை தொடங்குமுன்பே எங்கள் லாரிகளை மேலே சாமான் ஏற்ற அனுப்பினார்கள். மேலே போனால் எழுத நேரமும் இருக்காது, தபாலும் கிடைக்காது. எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மூத்த டிரைவர்கள் சொல்லிக்கொடுத்தது. போவதற்கு முன் ஒரே நாளில் உட்கார்ந்து பத்துக் கடிதம் எழுதுவது, தேதி போடாமல். கீழே டிப்போவில் இருக்கும் ஒருவனிடம் கொடுத்துவிட்டால், வாரம் ஒன்றாகத் தேதி போட்டு அவன் தபாலில் சேர்ப்பான். வீட்டில் கவலைப்பட மாட்டார்கள். பாதிப் பேர் இப்படித்தான் செய்தோம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை.

நானும் எழுதினேன். ஸ்டோரில் இருந்த மலையாளி நண்பரிடம் கொடுத்தேன். பத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நலம், நலமறிய ஆவல். இங்கே குளிர். சாப்பாடு நன்றாக இருக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள். எதுவாக இருந்தாலும் நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் வரக்கூடாது என்று ஒன்றில் தீபாவளியைப் பற்றி எழுதினேன், ஒன்றில் கார்த்திகை விளக்கைப் பற்றி. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மலை ஏறினேன்.

தீபாவளி சமயத்தில், பெரியவளே, உனக்குக் காதில் சீழ் வந்தது. உனக்கு நாலு வயது. முதலில் கை வைத்தியம். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு டாக்டர். சீழ் நிற்கவில்லை. காதுக்குப் பின்னால் வீங்கியது. அந்த டாக்டர், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றார். அம்மா அன்றே எனக்கு எழுதினார். "என்ன செய்ய? உடனே எழுதவும்."

அடுத்த வாரம் என் கடிதம் வந்தது. நலம், குளிர், நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தன் கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி எழுதினார். அதற்கு அடுத்த வாரமும் கடிதம் வந்தது. நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்மலையிலிருந்து சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுடா. நான் சொன்னது தப்புன்னே எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

"தம்பி என்னம்மா எழுதியிருக்கான்?" என்று கேட்டாராம்.

"வந்து பார்த்துக்கலாம்னு எழுதியிருக்காங்க, மாமா. ஆனா புள்ளைக்கு வீக்கம் அதிகமாகுது."

"அதான் எழுதிட்டான்ல. பொட்டப் புள்ளை. கத்தி வச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு அவனுக்கு யார் பதில் சொல்றது? நீயா, நானா? அவன் வரட்டும்."

வீட்டுக்காரம்மாவும் அதையே சொன்னாராம். "வாரா வாரம் டாண்ணு லெட்டர் போடறார். உனக்கென்னடி குறை? அவர் பேச்சைக் கேளு." இப்படி மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரம் அம்மா அவசரப்படவில்லை. காத்திருந்தார். கடிதம் வராமல் இருந்திருந்தால் காத்திருந்திருக்க மாட்டார். வந்துகொண்டே இருந்ததால் காத்திருந்தார். பெரியவளே, இந்த வரியை இரண்டு தடவை படி.

நாலாவது வாரம் வந்த கடிதத்தில், "தீபாவளிக்குக் குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு, வெடி பக்கம் விடாதே" என்று இருந்தது. தீபாவளி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் கார்த்திகைக் கடிதம் வந்திருந்தது. நண்பருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கைக்கு வந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார்.

அம்மா எல்லாக் கடிதங்களையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரே மசி. ஒரே பேனா, ஒரே இடத்தில் தீற்றுகிற பேனா. தேதி மட்டும் வேறு மசி, வேறு கை. அவர் கேட்ட ஒரு கேள்விக்கும் எதிலும் பதில் இல்லை.

அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. நான் செத்துப்போயிருக்கிறேன். எழுதி வைத்துவிட்டுப் போனதை யாரோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

யாரிடம் சொல்வது? பெரியப்பாவிடம் சொன்னால் வீடு இழவு வீடாகும். உன்னை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி போக யாரும் விடமாட்டார்கள். தாலியைப் பார்ப்பார்களா, உன் காதைப் பார்ப்பார்களா? சொல்லாமல் இருந்தால் "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது என் உத்தரவாக நிற்கும். உங்கள் அம்மா அன்று முழுக்க அந்த அறைக்கும் தெருமுனைக்கும் நடந்தாராம். அவர் முகத்தைப் பார்த்து வீட்டுக்காரம்மா அன்றைக்குத் திட்டக்கூட இல்லையாம். 

மறுநாள் காலை உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மெயின்கார்டு கேட்டில் இறங்கி, விசாரித்து விசாரித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். காது டாக்டர் பார்த்துவிட்டு, "ஏம்மா இவ்வளவு நாள்? எலும்பு வரைக்கும் போயிருக்கு. மூளைக்குப் போனா நான் என்ன செய்ய முடியும்? திங்கட்கிழமை சேர்த்துடுங்க. பெரியவங்க யாராவது கையெழுத்துப் போடணும்" என்றார்.

"நான் பெரியவதாங்க" என்றாராம் அம்மா. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை.

ஞாயிறன்று பெரியப்பா வந்தார். அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். "மாமா, அவங்ககிட்டேருந்து லெட்டர் வந்துருச்சு. ஆபரேஷன் செஞ்சுடச் சொல்லிட்டாங்க."

"அப்படியா? கொண்டா பார்ப்போம்."

அம்மா கடிதத்தைக் கையில்தான் வைத்திருந்தார். தீபாவளிக் கடிதம். அதைத் தலைப்புக்குள் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, "அதுல எங்க ரெண்டு பேர் விஷயமும் எழுதியிருக்காங்க, மாமா" என்றார்.

பெரியப்பா அதற்கு மேல் கடிதத்தைக் கேட்கவில்லை. சைக்கிள் பெல்லைக் காரணமில்லாமல் இரண்டு தடவை அடித்துவிட்டு, "சரிம்மா, சரிம்மா, நாளைக்கு நானும் வரேன்" என்று போய்விட்டார். இப்போதும் அதைச் சொன்னால் சிரிப்பார். "அடேயப்பா, என்ன போடு போட்டா!" என்பார். அம்மா என் அண்ணனிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

திங்கட்கிழமை அம்மா கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தாய். இடது காது பிழைக்கவில்லை. "மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா காதையும் பார்த்திருக்கலாம்மா" என்று டாக்டர் சொன்னார். அம்மா அதை என்னிடம் சொன்னபோது குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

கண்ணே, உன் காது போனது அம்மாவின் அவசரத்தால் இல்லை. என் கடிதங்களால். அந்த உறவுக்காரரிடம் காரியத்தன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது இரண்டாவது தப்பு.

இவை இரண்டுக்கும் நடுவே இன்னொரு தப்பும் இருக்கிறது. சண்டை நின்று நான் கீழே வந்தபோது அம்மாவின் கடிதங்கள் ஏழும் ஒரே கட்டாகக் கையில் கிடைத்தன. ரயிலில் படித்துக்கொண்டே வந்தேன். பொங்கலுக்கு வீடு வந்து சேர்ந்தேன். உன் காதுக்குப் பின்னால் தழும்பைப் பார்த்ததும் பதறிப்போய், "யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?" என்று கேட்டேன். உயிரோடு வந்தவன் கேட்ட முதல் கேள்வி அது.

அம்மா அழவில்லை. அலமாரியிலிருந்து கடிதங்களை எடுத்து வந்து, வந்த வரிசைப்படி என் முன்னால் தரையில் வைத்தார்.

"இதுல எது நான் கேட்டதுக்கு எழுதினது? ஒண்ணு காட்டுங்க. நான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கறேன்."

நீ கவலைப்படக் கூடாதென்றுதான் எழுதி வைத்தேன் என்றேன்.

"ஆறு வாரம்," என்றார். "காலையில குங்குமத்துல விரலை வச்சா அப்படியே நின்னுடும். வைக்கலாமா கூடாதான்னு தெரியாது. வச்சுட்டுத் தெருவுக்குப் போவேன். லெட்டர் வந்தா இன்னும் பயம். கவலைப்படக் கூடாதுன்னா எழுதாம இருந்திருங்க. எழுதினா எனக்கு எழுதுங்க."

 நீ செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். மனசுக்குள் சொன்னதைத் தபாலில் போட முடியாது.

அதன் பிறகு உங்கள் அம்மா யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தையலில் லோயர் பரீட்சை எழுதினார், ஹையரும் எழுதினார். ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் ஆனார். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்று ஒரு வீடு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக ஒரு வீடு, மறுபடி ஸ்ரீரங்கம் என்று மூன்று வருடத்தில் மூன்று வீடு மாற்றினார். ஒவ்வொரு முறையும் மாறிய பிறகுதான் எனக்கு விலாசம் வரும். வீட்டுக்காரன் பட்டாளத்தில் இருக்கிற பெண்கள் அவரைத் தேடி வருவார்கள். கடிதத்தைக் கொண்டு வந்து காட்டுவார்கள். அம்மா முதலில் தேதியைப் பார்ப்பார். "நீ கேட்டதுக்குப் பதில் இருக்கான்னு பாருடி. மத்தது எல்லாம் அப்புறம்" என்பார்.

பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது நானும் போனேன். இந்தத் தடவை ஒரே ஒரு கடிதம் எழுதினேன். "எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. பயமாக இருக்கிறது. கடிதம் வராவிட்டால் எழுத முடியவில்லை என்று வைத்துக்கொள். எதுவானாலும் நீயே முடிவு செய்." அதற்கு அம்மா போட்ட பதிலில், நீங்கள் இருவரும் சௌக்கியம், தம்பிக்குப் பல் விழுந்தது, மழையில் கூரை ஒழுகுகிறது, ஆள் வைத்துச் சரிபார்த்தாகிவிட்டது என்று எழுதிவிட்டு, கடைசியில், "இப்போதுதான் நீங்கள் எழுதின மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

பதினைந்து வருடம் முடித்து நான் ஊரோடு வந்தபோது, இனி சேர்ந்து இருக்கலாம் என்று நினைத்தோம். ஒன்றரை வருடம்தான் கொடுத்துவைத்தது. மஞ்சள் காமாலை. பத்து நாள். எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "பெரியவளைக் கூப்பிட்டா வலது பக்கம் நின்னு கூப்பிடுங்க. இடது பக்கம் நின்னு கத்திட்டு, காது கேக்கலையான்னு திட்டாதீங்க. அவ பயந்துக்கறா" என்றார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்காமலே சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருந்ததே, அதுவும் வாயில் வரவில்லை.

இங்கே அவருக்கே எழுதுகிறேன். நீ கையெழுத்துப் போட்டது சரி. அண்ணனிடம் பொய் சொன்னது சரி. நான் எழுதியதுதான் தப்பு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நீ ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரமும் உன் தம்பியை இடுப்பை விட்டு இறக்காமல், பூக்கடையையும் மூடிவிட்டுப் பார்த்துக்கொண்ட வீட்டுக்காரம்மா. ஆபரேஷன் அன்று லீவு போட்டுவிட்டு வந்து வராந்தாவில் நின்ற உங்கள் பெரியப்பா. அம்மா போன பிறகு இந்த ஒரு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பொன்மலையிலிருந்து வந்து, உங்களுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, சமைத்து வைத்துவிட்டுப் போகும் பெரியம்மா. அம்மாவின் கடைசிப் பத்து நாளும் முறை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த தையல் வகுப்புப் பெண்கள். பட்டாளத்து வீட்டுப் பெண்கள் பலர் அழுதுகொண்டு வந்தார்கள். பெயர் தெரியாது, முகம் தெரியும். மலையாளி நண்பருக்கும் நன்றி. அவர் வரிசையை மாற்றாமல் போட்டிருந்தால் அம்மா இன்னும் காத்திருந்திருப்பார்.

அச்சுக்குக் கொடுத்த பிறகு, திருத்துவதற்கு என்று தாளைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். இடம் மிச்சம் இருந்ததால் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

நேற்றுப் பிற்பகல் எனக்கு வேலை இல்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, இனி வாராவாரம் வர முடியாது. தலைக்குக் குளிக்குமுன் உன் இடது காதில் அடைக்கும் பஞ்சை இனி நான்தான் செய்து கொடுக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போனால் மறுபடி சீழ் வைக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஞ்சை உருட்டி, தேங்காய் எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து, என் இடது காதில் அடைத்துக்கொண்டு, கொல்லையில் குனிந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். உள்ளே போயிற்று. துடைத்துவிட்டு இன்னும் கெட்டியாக உருட்டினேன். போயிற்று. மூன்றாவது தடவை விளிம்பில் மட்டும் கசிந்தது. நாலாவது தடவை போகவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரோ இடப்பக்கமிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை.